உறுதியைப் பார்க்கிறோம், வீட்டைப் பார்க்கிறோமா?

ஞாயிறு பத்திரிகைகளில் 'வீடு விற்பனைக்கு' என்ற தலைப்பின் கீழ் வெளிவரும் சிறு விளம்பரங்களைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றை அவதானித்திருக்கக்கூடும். காணி எத்தனை பரப்பு, பிரதான வீதியிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை அறைகள், தரைக்கு மாபிள் பதிக்கப்பட்டுள்ளதா, உறுதி தெளிவானதா என்பன தவறாமல் இடம்பெறும். கட்டடம் எந்த ஆண்டில் எழுப்பப்பட்டது, மின்னிணைப்பு எப்போது செய்யப்பட்டது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு இடைவெளி என்பன பற்றி ஒரு சொல்லும் இராது. நீண்ட காலம் பத்திரிகைத் துறையில் கழித்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: விளம்பரம் எழுதுபவர், கேட்கப்படும் கேள்விகளுக்கே பதில் எழுதுகிறார். வாங்குவோர் கேட்பதில்லை, ஆகவே விற்போர் சொல்வதுமில்லை.

வீடு வாங்குவதில் நாம் கவனமற்றவர்கள் என்று எவரும் கூற முடியாது. சட்டத்தரணி காணிப் பதிவகத்துக்குச் சென்று முப்பது ஆண்டு உரித்து வரலாற்றைத் தேடுகிறார். நில அளவையாளர் எல்லைக்கற்களைச் சரிபார்க்கிறார். கடன் பெறுவதானால் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து போகிறார். மனையடி சாத்திரம் தெரிந்தவர் வாசல் எத்திசையை நோக்குகிறது என்று பார்க்கிறார். சோதிடர் நாள் குறித்துக் கொடுக்கிறார். இவ்வளவு பேரும் பார்த்த பின்னரும் வீட்டை எவரும் பார்க்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

சட்டத்தரணி பார்ப்பது உரிமையை. உறுதியில் வழமையாக எழுதப்படும் உத்தரவாதமும் உரிமையைப் பற்றியதுதான், சுவரைப் பற்றியதன்று. வங்கி மதிப்பீட்டாளர் பார்ப்பது, கடன் திரும்பாவிட்டால் இந்த ஆதனம் எவ்வளவுக்கு விலைபோகும் என்பதை. எஞ்சியிருப்பவர் உறவுமுறையில் ஒரு மேசன். அவரும் அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டி, "நல்ல பலமான வீடு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்திப் போய்விடுவார். வாழ்நாள் சேமிப்பு முழுவதையும், அல்லது மகளின் சீதனத்துக்கென இருபது ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்த பணத்தை, அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கொடுக்கிறோம்.

வடபகுதியில் வீடு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது கட்டடத்தின் வயது. எமது வரலாறு சுவர்களுக்குள்ளும் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் மூடப்பட்டது. அதே காலத்தில் வடக்கிற்குச் சீமெந்தும் இரும்பும் எடுத்துச்செல்லத் தடை வந்தது. 2002 போர்நிறுத்தம் வரை அவை கிடைத்தற்கரிய பொருள்களாகவே இருந்தன. 2006இல் ஏ-9 வீதி மூடப்பட்டதும் மீண்டும் தட்டுப்பாடு. அக்காலங்களில் கட்டியவர்கள் இருப்பதைக் கொண்டு கட்டினார்கள். சீமெந்தைக் குறைத்தார்கள், இடிந்த வீடுகளிலிருந்து எடுத்த கம்பியைப் பயன்படுத்தினார்கள். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அந்த வீட்டை இன்று கோடிக் கணக்கில் பணம் கொடுத்து வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும்.

கரையோர மணலின் கதையும் இத்தகையதே. உப்புக் கலந்த மணலைக் கழுவாமல் கொங்கிறீற்றுக்குச் சேர்த்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் கொங்கிறீற் உள்ளிருந்து பிளக்கும். விறாந்தையின் பிளேற்றுக்கு அடியிலும் வளைகளின் கீழ்ப்புறத்திலும் மண்ணிறக் கோடுகளும் உதிர்ந்த துண்டுகளும் தெரிந்தால் அது பூச்சு வேலையால் தீரும் குறையன்று. அண்மையில் பூசிய சாந்தும் புதிய வர்ணமும் ஓரிடத்தில் மட்டும் காணப்படுமாயின் அங்கே எது மறைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கவேண்டும். எறிகணை பட்ட சுவர்களும் இப்படியே மூடப்பட்டன. விரல் மொழியால் தட்டினால் வெற்றோசை எழும் இடங்கள் கதை சொல்லும்.

எல்லா வெடிப்பும் ஆபத்தானதன்று. சாந்தில் மயிரிழை போல் ஓடும் கீறல்கள் எந்த வீட்டிலும் உண்டு. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஏறும் வெடிப்பு, ஒரு நாணயம் உள்ளே நுழையுமளவு அகன்ற வெடிப்பு, சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு ஆகியவை அத்திவாரம் அசைந்திருப்பதற்கான அறிகுறிகளாக இருக்கலாம். கதவுகள் நிலையோடு உராய்ந்து மூட மறுப்பதும் அவ்வாறே. ஓட்டு வீடானால் வளை, தீராந்தி, பனஞ்சலாகை என்பவற்றைச் சுவரோடு சேரும் இடங்களில் ஒரு திருகாணிச் சாவியால் குத்திப் பார்ப்பது நல்லது. கறையான் மேற்பரப்பை விட்டுவைத்து உள்ளேதான் தின்னும்.

கட்டடத்தைவிடக் கிணற்றுக்கே யாழ்ப்பாணத்தில் முதலிடம் கொடுப்பேன். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். மேலே ஊற்றியது வெடிப்புகள் வழியே விரைவாக நிலத்தடி நீரைச் சென்றடையும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டுமென்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த நிலத்தில் அதுவும் போதாமற் போகலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமான ஒரு பரப்புக் காணியின் ஒரு பக்கம் 52 அடி மாத்திரமே. இரண்டு பரப்பாகவும் ஒன்றரைப் பரப்பாகவும் துண்டாடப்பட்ட வளவுகளில், உங்கள் குழி எங்கே இருந்தாலும் அயலவரின் குழி மதிலுக்கு அப்பால் உங்கள் கிணற்றை அண்டித்தான் இருக்கும்.

சில காலத்துக்கு முன் உறவினர் ஒருவர் வலிகாமத்தில் வீடு பார்க்கச் சென்றபோது நானும் உடன் சென்றேன். தண்ணீர் தெளிவாக இருந்தது; குடித்துப் பார்த்த எல்லோரும் "இளநீர் மாதிரி" என்றார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தபோது பக்கத்து வீட்டின் மலக்குழி மூடி இருபதடித் தூரத்தில் தெரிந்தது. தெளிவும் சுவையும் கிருமியையும் நைத்திரேற்றையும் காட்டித்தரா. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அது மிகுந்தால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. உறவினர் நீர் மாதிரியை ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதித்தார். அறிக்கையைப் பார்த்த பின் வீட்டைக் கைவிட்டார். பரிசோதனைக்குச் செலவான தொகை, தரகருக்கு அவர் கொடுக்கவிருந்த பணத்தின் மிகச் சிறு பங்கு. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பானதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வீடு வாங்குபவர் தண்ணீரையும் சேர்த்தே வாங்குகிறார்.

அடுத்தது மின்சாரம். எங்கும், எந்த வீட்டிலும், மின்மானிக்கு அருகில் உள்ள ட்ரிப் சுவிட்ச்சின் பரிசோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்னோட்டம் உடனே துண்டிக்கப்படாவிட்டால் அந்தக் கருவி வெறும் அலங்காரம். ட்ரிப் சுவிட்ச்சே இல்லாத பழைய வீடுகளும் உண்டு. புவித்தொடுப்புக் கம்பி நிலத்தில் இறக்கப்பட்டிருக்கிறதா, அல்லது எப்போதோ அறுந்துபோய் அப்படியே விடப்பட்டதா என்று பார்க்கவேண்டும். இரண்டு மின்குமிழுக்கும் ஒரு வானொலிக்குமென இழுத்த பழைய வயரில் இன்று குளிரூட்டி, நீர் சூடாக்கி, நீர்ப்பம்பி எல்லாம் ஓடுகின்றன. சுவிட்ச்சைச் சுற்றிக் கருகிய நிறம் தெரிந்தால் அதற்கு மேல் அறிகுறி தேவையில்லை. ஈரக் கையுடன் பம்பியின் சுவிட்ச்சைத் தொடப்போவது அந்த வீட்டின் பெண்ணோ பிள்ளையோ என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கூரைத் தகடு பற்றியும் சொல்லவேண்டும். அஸ்பெஸ்ரோஸ் சீற் நாடெங்கும் பரந்திருக்கிறது. அதன் இழைகள் நுரையீரலுக்குப் புற்றுநோய் உட்படப் பெருந்தீங்கு விளைவிப்பவை. இறக்குமதியை 2018 முதல் கட்டுப்படுத்த அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலை இறக்குமதியை இடைநிறுத்தியதை அடுத்து அத்தீர்மானம் கைவிடப்பட்டது. அஸ்பெஸ்ரோஸின் பெரும் ஏற்றுமதியாளர் ரஷ்யா என்பதை நினைவிற்கொண்டால் மிகுதியை விளக்கத் தேவையில்லை. உடையாமல் இருக்கும் சீற்றைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. உடைந்து பொடியாகும் சீற்றும், புதிதாக வாங்கியவர் அதை வாளால் அறுப்பதும் துளையிடுவதும் உரஞ்சிக் கழுவுவதுமே ஆபத்தானவை. கூரையை மாற்றும் செலவை விலை பேசும்போதே கணக்கில் எடுக்கவேண்டும்.

தலைநகரிலும் அதன் புறநகர்களிலும் பிரச்சினை வேறு. ஒரு மாடிக்கென இட்ட அத்திவாரத்தின் மேல் இரண்டாம், மூன்றாம் மாடிகள் எழுகின்றன. மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காட்டி "இன்னும் மேலே கட்டலாம்" என்று தரகர் சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். கம்பி நீட்டி நிற்பதால் அத்திவாரம் அதைத் தாங்கும் என்று பொருளாகாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையும், கட்டி முடிந்தபின் வழங்கப்படும் இணக்கச் சான்றிதழையும் வாங்கி, வரைபடத்தில் உள்ள மாடிகளையும் கண்ணெதிரே உள்ள மாடிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வெள்ளவத்தையில் 2017 மே மாதத்தில் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்தபோது தமிழர் வாழும் அடுக்குமாடிகளில் சில வாரங்களுக்கு இதே பேச்சாக இருந்தது. பிறகு மறந்துவிட்டோம்.

மலையகத்தில் மறக்கவே இடமில்லை. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுள் புதைந்தன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. 2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிக்கடவில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்ததில் ஒரு கைக்குழந்தை உட்பட மூவர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தோட்டத்து லயன்களில் வாழ்ந்தோருக்கு இடத்தைத் தெரிவுசெய்யும் வசதி இருக்கவில்லை. அது வேறொரு கட்டுரைக்குரிய அநீதி. பணம் கொடுத்து வாங்குபவருக்கோ அந்த வசதி உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை வழங்குகிறது. சரிவில் உள்ள வீட்டை அதைப் பெறாமல் வாங்குவது சூதாட்டம். அறிக்கைக்கு அப்பால் கண்ணுக்கும் வேலை உண்டு: சாய்ந்த மரங்கள், முற்றத்தில் நீளக் கீறல், வீங்கிய தாங்குசுவர், புதிதாகத் தோன்றிய ஊற்று.

செய்யவேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டை மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் உங்களுக்காக இலவசமாகப் பரிசோதனை நடத்துகின்றன. வெள்ளம் எந்தப் படிவரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள், அவர் விற்பவரல்லர். தரகரோடோ விற்பவரோடோ தொடர்பில்லாத பொறியியலாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்து எழுத்தில் அறிக்கை பெறுங்கள். மின்னிணைப்புக்குத் தகுதிபெற்ற மின்னியலாளரை அழையுங்கள். முற்பணம் கொடுக்குமுன் எழுதும் உடன்படிக்கையில், பாரதூரமான குறை கண்டறியப்பட்டால் முற்பணம் திருப்பித் தரப்படும் என்றொரு வாசகத்தைச் சேர்க்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். வாங்குபவர் கேட்டால் எழுதுவார்கள்.

இதற்கு வழமையாக வரும் மறுப்பு, "விற்கிறவர் எங்கட ஆள், குறை நினைப்பார்" என்பது. திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதை எவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. இலண்டனில் வீடு வாங்கும் எம்மவர் அங்கே கட்டட ஆய்வாளருக்குக் கட்டணம் செலுத்தி அறிக்கை பெறுகிறார். ரொறன்ரோவில் வாங்குபவர் வீட்டுப் பரிசோதனையை நிபந்தனையாக விதிக்கிறார். அதே மனிதர்கள் ஊரில் வீடு வாங்கும்போது வட்ஸ்அப்பில் வந்த காணொளியைப் பார்த்து முற்பணம் அனுப்புகிறார்கள். அங்கே பரிசோதிப்பது வழக்கம், இங்கே பரிசோதிப்பது சந்தேகம் என்ற எண்ணம் எமக்கு நாமே செய்துகொள்ளும் தீங்கு.

குறை இல்லாத வீடு இல்லை. பரிசோதனையின் நோக்கம் வீட்டை நிராகரிப்பதுமன்று. எதைத் திருத்தலாம், எவ்வளவு செலவாகும், எதைத் திருத்தவே முடியாது என்பதை முற்பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்வதே நோக்கம். முற்பணம் கைமாறிய பின் அதே அறிவுக்குப் பெயர் கவலை. உறுதியில் உள்ள குற்றத்தை நீதிமன்றத்தில் வழக்காடித் தீர்த்துக்கொள்ளலாம். காலம் செல்லும், ஆனால் ஆள் இருப்பார். சுவரிலும் வயரிலும் கிணற்றிலும் உள்ள குற்றத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.