கோர்ட்டுக்குப் போகும் குழந்தைக்குத் துணை யார்?

கொடியவனைப் பிடித்தார்கள். விலங்கு மாட்டினார்கள். ஜெயிலில் அடைத்தார்கள். ஊருக்கு நிம்மதி!

அந்தக் குழந்தைக்கு?

கடலூர் ஜில்லா திட்டக்குடியில், பள்ளிக்கூட மாணவிகள் இரண்டு பேரைப் பலர் சேர்ந்து சீரழித்தார்கள். 2014-ம் ஆண்டு அது வழக்கு ஆனது. பிறகு சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தார்கள். 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 16 பேர் குற்றவாளிகள்!

நல்ல தீர்ப்புதான். ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கூடுமானவரை ஓர் ஆண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது, 2012-ல் வந்த "போக்சோ" சட்டம்.

வழக்கு நடக்கும் காலமெல்லாம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வது யார்?

இதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரியாது.

புகார் வந்த 24 மணி நேரத்துக்குள், குழந்தை நலக் குழுவுக்குப் போலீசார் தகவல் கொடுக்க வேண்டும். அந்தக் குழு குழந்தைக்கு ஒரு துணை ஆளைக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள், கோர்ட்டில் என்ன கேட்பார்கள் என்று குழந்தைக்குப் புரியும்படி சொல்வது அவர் வேலை. கூடவே போவார். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவிப்பார். மனம் உடைந்த குழந்தைக்கு வைத்தியம் வேண்டுமானால் அதற்கும் ஏற்பாடு செய்வார்.

சிதம்பரத்துப் பக்கம் நாற்று நடும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கோர்ட்டு இருப்பது கடலூரில். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாக ஏறக்குறைய 45 கிலோ மீட்டர். போனால் அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு வேறு. அது போகட்டும். பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருப்பாளா?

"என்னடி, மாசம் ரெண்டு தடவை கடலூர் பஸ் ஏறுறே?"

"ஆஸ்பத்திரிக்குப் போறேன் அக்கா."

எத்தனை நாள்தான் இப்படிச் சொல்வாள்? ஒரு நாள், "வழக்கே வேண்டாம்" என்று உட்கார்ந்துவிடுவாள். கொடியவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கூலி எவ்வளவு?

துணை ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது சர்க்கார். தேர்ந்த தொழிலாளிக்கு உரிய குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்பது 2020-ம் ஆண்டு விதி. உத்தரப்பிரதேசத்துச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற சம்பளம் வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. துணை ஆள் வேண்டுமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னது.

ஆனால் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பதுபோல இதற்கும் கொடுத்தால் போதுமா? போதாது. கொத்தனாருக்கு ஒரு வீடு முடிந்தால் அடுத்த வீடு. துணை ஆளுக்கு வழக்கு வந்தால்தான் வேலை. வழக்கு தள்ளிப்போனால் பட்டினி. அவர் வேறு வேலை தேடிப் போய்விட்டால், குழந்தை மறுபடியும் ஒரு புது முகத்திடம் முதலில் இருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? இது கொடுமை அல்லவா?

ஆகவே மாதச் சம்பளம் போட்டு, பயிற்சி கொடுத்து, துணை ஆட்களை நியமிக்க வேண்டும். கடலூருக்கு மட்டும் அல்ல, சிதம்பரத்துக்கும் தனியாக வேண்டும்.

2004-ல் சுனாமி அடித்தபோது கடலூர்க் கடற்கரைக்கு லாரி லாரியாக உதவி வந்தது. அலை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இந்தக் குழந்தைகளின் பெயரை வெளியே சொல்லவே கூடாது. அதுதான் நியாயம். ஆனால் பெயர் தெரியாத குழந்தைக்காக உண்டியல் குலுக்க யாரும் வரமாட்டார்கள். சர்க்கார் பணம்தான் வர வேண்டும்.

அந்தப் பணமும் கேட்டால் உண்டு! சாப்பாடு, துணிமணி, பஸ் செலவுக்குக் குழந்தை நலக் குழு சிபாரிசு செய்தால், ஒரு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் இடைக்கால நஷ்டஈடும் கேட்கலாம். கோர்ட்டு உத்தரவு போட்டால், 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். குற்றவாளி அகப்படாவிட்டாலும் கோர்ட்டு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லலாம்.

மகளிர் போலீஸ் நிலையத்து வாசலிலும், ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கும் இடத்திலும் இதை எழுதிப் போட வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரிய வேண்டும். பெரிய எழுத்தில், பக்கத்திலேயே 1098 என்ற டெலிபோன் நம்பரும் இருக்க வேண்டும். அதில் பேசக் காசு வேண்டாம்.