ஒரு சான்றிதழில் இருந்த சொல்

கயானா நாட்டில் ஓர் இறப்புச் சான்றிதழ். இறந்தவரின் தொழில் என்னும் இடத்தில் 'வேலையற்றவர்' என்று பதிவாகியிருந்தது. அவர்தாம் தோழர் வால்டர் ரோட்னி. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர். ஆப்பிரிக்காவின் வறுமைக்கு ஐரோப்பியச் சுரண்டலே காரணம் என்று நிறுவிய அவரது நூல் 1972இல் வெளிவந்து உலகெங்கும் பயிலப்பட்டது. அச்சொல்லை நீக்கிப் 'பேராசிரியர்' என்று திருத்த 2021இல்தான் கயானா அரசு முடிவெடுத்தது. அப்போது அவர் மறைந்து 41 ஆண்டுகள் கடந்திருந்தன.

நாள்தோறும் சொற்களை நிறுத்துப் பார்க்கும் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்பதால், அந்த ஒற்றைச் சொல் என்னை உறுத்துகிறது. அது பொய்யன்று, ஆனால் அந்நிலையை உருவாக்கியது யார் என்பதை அது மறைக்கிறது. 1968இல் ஜமைக்கா அரசு அவரை நாட்டுக்குள் நுழையவிடாமல் தடுத்தது. கிங்ஸ்டன் வீதிகளில் கிளர்ச்சி வெடித்தது. 1974இல் கயானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியேற்கத் தாயகம் திரும்பினார். அந்த நியமனமும் அரசியல் தலையீட்டால் மறுக்கப்பட்டது. ஆக, வேலையைப் பறித்த அரசே அவரை வேலையற்றவர் என்று எழுதியும் வைத்தது.

ரோட்னியை அவர்கள் அஞ்சியது ஏன்? அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பினத் தொழிலாளரின் கூலியைக் குறைக்கவே பிரிட்டிஷ் கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுசென்றனர். 1838 முதல் 1917 வரை சென்றவர்கள் சுமார் 2,39,000 பேர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழர்களும் அவர்களுள் உண்டு. அன்று விதைத்த பகைமையே பின்னாளில் கட்சி அரசியலாக முளைத்தது. ஆப்பிரிக்க வழியினர் ஒரு கட்சிக்கும் இந்திய வழியினர் மற்றொரு கட்சிக்கும் வாக்களித்தனர். இரு சாராரையும் உழைக்கும் மக்களாக ஒரே மேடையில் திரட்ட முயன்றது ரோட்னியின் உழைக்கும் மக்கள் கூட்டணி. குழந்தைகளுக்கு எழுதப் புகுந்தபோதும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோஃபிக்கு ஒரு கதை, இந்தியாவிலிருந்து வந்த லட்சுமிக்கு ஒரு கதை என்றே எழுதினார்.

நாம் தயங்காமல் பேச வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ரோட்னி எதிர்த்த ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாம் அரசு, தன்னை சோசலிச அரசு என்றே அழைத்துக்கொண்டது. பாக்சைட்டையும் சர்க்கரையையும் நாட்டுடைமையாக்கியது. அந்த முழக்கங்களைக் கேட்டு வெளிநாடுகளில் மயங்கிய முற்போக்காளர்கள் பலர். தேர்தலைத் திருடிக்கொண்டு, தொழிலாளரை ஒடுக்கிக்கொண்டு நடத்தும் நாட்டுடைமை சோசலிசமாகாது என்று உள்நாட்டில் நின்று உரைத்தவர் ரோட்னி. வாழ்ந்த காலத்தில் அவருக்குரிய மதிப்புக் கிடைக்காமற்போனதில் நம்மவர்களின் அந்த மயக்கத்துக்கும் பங்குண்டு.

1980 ஜூன் 13 இரவு ஜார்ஜ்டவுனில், காரில் அவர் மடியிலிருந்த தகவல்தொடர்புக் கருவி வெடித்தது. அகவை 38. அக்கருவியை அளித்த இராணுவச் சார்ஜண்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். உடனிருந்து காயமுற்ற தம்பிக்கோ 1982இல் தண்டனை வழங்கப்பட்டது. 2021இல்தான் அது நீக்கப்பட்டது. 1988இல் நடந்த மரண விசாரணை இதனைத் தற்செயல் விபத்து என்றது. 2016இல் அறிக்கையளித்த விசாரணை ஆணையமோ அரசின் கையையும் பர்ன்ஹாமின் பொறுப்பையும் சுட்டியது. பர்ன்ஹாமின் கட்சி தலைமையேற்றிருந்த அன்றைய கூட்டணி அரசு அவ்வறிக்கையை ஏற்கவில்லை. அக்கூட்டணியில் ரோட்னியின் கட்சியும் இடம்பெற்றிருந்தது என்பது வேதனையான உண்மை. ஆட்சி மாறியபின், 2021இல் நாடாளுமன்றம் அதனை ஏற்றது.

இந்தத் திருத்தங்கள் தேவையானவை. குடும்பத்தாரின் நெடிய போராட்டத்துக்குக் கிடைத்த நீதி அது. எனினும், ஒரு கட்சி மறைத்ததையும் மறுகட்சி வெளிக்கொணர்ந்ததையும் மட்டும் கணக்கிட்டால், ரோட்னி தேர்தல் களத்தின் மற்றோர் ஆயுதமாகிவிடுவார். 2019 முதல் கயானாவின் கடலடி எண்ணெய் பன்னாட்டு நிறுவனங்களின் கைகளில் பாய்கிறது. வாக்குகளோ இன்னமும் பெரும்பாலும் இனவழியே பிரிகின்றன. அவர் இணைக்க விரும்பிய தொழிலாளர் இணையாதவரை மரியாதை முழுமை பெறாது.

கயானா உழைப்பாளர் வரலாற்றை அவர் எழுதிய நூல், மறைவுக்குப்பின் 1981இல் வெளியாயிற்று. நம் கிளைகளின் வாசிப்பு வட்டங்களில் அதற்கு இடமளிப்போம். சாதியாலும் மதத்தாலும் தொழிலாளர் பிரிக்கப்படும் நாட்டில் அந்நூல் நமக்கு அயலானதன்று.