வாஷர் மாற்றத் தெரியுமா?



நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பெருமை உங்களுக்குத் தெரியும். ஓசூரில் மோட்டார் சைக்கிள் தயாராகிறது, லாரி தயாராகிறது, கைக்கடிகாரமும் தயாராகிறது. இத்தனையும் செய்கிற மாவட்டத்துக்காரர்களாகிய நாம், வீட்டுக் குழாய் சொட்டினால் என்ன செய்கிறோம்? அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, பிளம்பர் வரும் நாளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறோம்!

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். சொட்டும் குழாயில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 24 லிட்டர். 30 நாளைக்கு 720 லிட்டர். கோடையில் குடத்தோடு அலைகிற சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதன் அருமை நன்றாகவே புரியும்.

இத்தனை தண்ணீரும் வீணாவது எதனால்? பெரும்பாலும், குழாய்க்குள் இருக்கும் வாஷர் என்ற சின்ன ரப்பர் வட்டு தேய்ந்து போவதால்தான். நாம் குழாயைத் திருகும்போது, அந்த வட்டு கீழே இறங்கித் தண்ணீர் வரும் துளையை அடைக்கிறது. அது தேய்ந்தால், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். மேல்தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்பேனரால் மேல் நட்டைக் கழற்றி, புது வாஷர் போட்டு முடுக்கினால் வேலை முடிந்தது. அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் நிற்க, ஆறாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகச் செய்யலாம்.

"இதெல்லாம் படிக்கிற பிள்ளைகள் செய்கிற வேலையா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கு நீங்கள் ஒரு பண்ணையின் கதையைச் சொல்லுங்கள்.

1910-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களின் உரிமைக்காகக் காந்தியடிகள் போராடிக்கொண்டிருந்தார். போராடியவர்கள் சிறைக்குப் போனதும், அவர்களுடைய குடும்பங்கள் வருமானம் இல்லாமல் தவித்தன. அவர்களில் தமிழர்களும் ஏராளம். காந்தியின் நண்பரும் கட்டடக் கலைஞருமான காலன்பாக், ஜோகன்னஸ்பர்க் நகரிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த தம் 1,100 ஏக்கர் நிலத்தை அவர்கள் வாழக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை.

அங்கே வேலையாட்கள் கிடையாது. சமையலிலிருந்து கழிப்பறைச் சுத்தம் வரை எல்லாவற்றையும் அங்கே வாழ்ந்தவர்களே செய்தார்கள். தங்குவதற்கான தகர வீடுகளைக் கட்டவும் அவர்கள் கை கொடுத்தார்கள். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். காந்தி மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். வக்கீல் படிப்புப் படித்தவர் செருப்புத் தைத்தார்! தச்சு வேலைக்கும் ஒரு சிறு வகுப்பு நடந்தது. பெஞ்சுகளையும் பெட்டிகளையும் அவர்களே செய்துகொண்டார்கள். அங்கிருந்த சிறுவர்கள் அனேகமாக எல்லாருக்குமே சமைக்கத் தெரிந்திருந்தது. அதே பிள்ளைகளுக்குக் காந்தி தமிழ் எழுத்தும் சொல்லிக் கொடுத்தார் என்பது நமக்கு இனிப்பான செய்தி.

அந்தப் பண்ணையில் ஓர் அருமையான விதி இருந்தது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது. குழி தோண்டச் சொன்னால், ஆசிரியரும் மண்வெட்டியோடு கூட நிற்க வேண்டும். பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

கைவேலை என்று பேசும்போது இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஓசூருக்கு அருகே உள்ள தோரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாநில முதல்வராக இருந்தபோது, 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். பள்ளி தினமும் 3 மணி நேரம் மட்டும். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றது அது. "அப்படியானால் செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா? துணி வெளுப்பவர் மகள் கலெக்டர் ஆவது எப்போது?" என்று பெரும் எதிர்ப்பு கிளம்பியது. குலக்கல்வித் திட்டம் என்றே மக்கள் அதை அழைத்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். "நீ இந்த வீட்டில் பிறந்தாய், அதனால் இந்த வேலை உனக்கு" என்பது விலங்கு. "எல்லா வேலையும் எல்லாருக்கும்; படிப்பும் எல்லாருக்கும்" என்பது விடுதலை. டால்ஸ்டாய் பண்ணை காட்டியது இரண்டாவது வழியை.

ஆகவே தம்பிகளே, அறுந்த பித்தானை அம்மாவிடம் நீட்டாதீர்கள். ஊசியில் நூல் கோத்து நீங்களே தையுங்கள். தங்கைகளே, ஸ்பேனரும் சுத்தியலும் அண்ணனுக்கு மட்டும் சொந்தமில்லை, நீங்களும் எடுங்கள். சைக்கிள் பஞ்சரா? டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. அங்கே ஈரம் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்றே உலர்ந்ததும் ஒட்டை வைத்து அழுத்துங்கள். இவற்றைப் பழகியவர்களுக்குப் பிளம்பர் மேலும் தையல்காரர் மேலும் மரியாதை கூடும். அந்த வேலையின் அருமை அப்போதுதான் தெரியும்.

ஓர் எச்சரிக்கை! மின்சாரத்திலும் சமையல் எரிவாயுவிலும் நீங்கள் கை வைக்கவே கூடாது. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, ஆபத்து என்றால் அதை எப்படி அணைப்பது என்று மட்டும் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். சொட்டும் குழாய், ஆடும் நாற்காலி, கிழிந்த புத்தகப்பை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வீட்டுப் பெரியவரின் துணையோடு உங்கள் கையால் சரிசெய்யுங்கள். அடுத்த வாரம் அடுத்தது.