மான் மேயும் நிலம்

அமெரிக்க நாட்டிலே வேட்டைக்காரர், பற்றைக் காட்டைத் துப்புரவாக்கி மான்களுக்கென்றே பயிரிடுவதுண்டு. அழைப்பது விருந்துக்கன்று, சுடுவதற்கு! நம் நாட்டிலோ மானைக் காப்பது 1937ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. மன்னாருக்குத் தெற்கே, 1938இல் தேசியப் பூங்காவாகிய வில்பத்துவில் புள்ளிமான்களை இன்றும் காணலாம்.

மானுக்கு வேண்டுவது புல். மன்னார்க் கரையோரத்தில் அப்புல்லின் இடத்தைப் பறிப்பது சீமைக் கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்முள்மரம் அடர்ந்த இடத்தில் அறுகும் தழைப்பதில்லை.

கோடரி ஒன்றே போதுமென நாமும் ஒருகால் நம்பினோம். வளவு மூலையில் நின்ற மரங்களை முழங்காலளவில் வெட்டிவிட்டு மகிழ்ந்திருந்தோம். மாரி பெய்ததும் ஒவ்வோர் அடிக்கட்டையிலும் பத்துக் கிளைகள்! மண்ணுள் மறைந்த வேர்த்தலையிலே அரும்புகள் உறங்குகின்றன. மண்வெட்டியும் அலவாங்கும் கொண்டு அதனைக் கிளறி எடுத்தாலன்றி மரம் சாவதில்லை.

காய்களைத் தின்னும் மாடு, சாணத்தோடு விதையையும் பரப்பும். ஆதலால் காய் முற்றுமுன்னரே வேலையைத் தொடங்குதல் நன்று. நிலம் வடகீழ்ப் பருவமழைக்கு முன் சீரானால், ஐப்பசி மழையில் புல் தலைநீட்டும். பின்னும் சில ஆண்டுகள் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்குதல் வேண்டும்.

பாலை முதலிய நம் மரங்களில் மட்டும் கை வைக்கலாகாது. குரங்கு உதிர்க்கும் பாலைப்பழம் மானுக்கும் உணவன்றோ? சரணாலயத்துள் இவ்வேலை திணைக்களத்தாருடையது. நமக்குரியது நம் வளவே. மாணவர்காள், நுனியை வெட்டி மகிழாதீர், வேரைத் தேடுங்கள்.