பிள்ளையைத் திட்டினால் போதுமா?

"காலம் கெட்டுவிட்டது, பெற்றோரைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை" என்று ஒரு உபதேசம் நாடெங்கும் நடக்கிறது. மேடையில் மந்திரி சொல்கிறார், டெலிவிஷனில் பேச்சாளர் சொல்கிறார், முதியோர் இல்லம் நடத்தும் முதலாளியும் சொல்கிறார். எல்லோருக்கும் ஒரே குற்றவாளிதான் அகப்பட்டிருக்கிறான்: பிள்ளை! சர்க்கார் குற்றவாளி அல்ல. வாழ்நாள் முழுதும் வேலை வாங்கிய ஆலை அதிபரும் குற்றவாளி அல்ல. இந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா? மாங்காட்டில் நின்று பார்ப்போம்.

யார் இந்த முதியவர்கள்?

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் தோன்றியது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள், டன்லப், பிறகு தொழிற்பேட்டை என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. அன்று இருபது வயதில் வேலைக்கு வந்த வாலிபர் இன்று எண்பது வயதுக் கிழவர். ஆலையில் நிரந்தரமானவர்களைவிட நிரந்தரமாகாதவர்கள் அதிகம். காண்டிராக்ட் தொழிலாளி, சித்தாள், வயலில் நடவு நட்ட பெண் என்று அந்தக் கூட்டம் பெரியது. மாங்காடு 2021-இல் நகராட்சியானது. அது நகரமாவதற்குச் சுமை தூக்கிய தலைகள் இன்று நரைத்துவிட்டன.

இவர்களுக்கு நாடு கொடுத்தது என்ன? வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். வைப்பு நிதியே இல்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை. அது தமிழ்நாட்டில் 2023-இல் 1,200 ரூபாயாயிற்று. இதில் 60 முதல் 79 வயது வரையானவர்களுக்கு மத்திய சர்க்காரின் பங்கு வெறும் 200 ரூபாய்! 2007-இலும் 200, 2024-இலும் 200. அரிசி விலை ஏறியது, மருந்து விலை ஏறியது, அந்த 200 மட்டும் அசையவில்லை.

மறதிக்கும் வர்க்கம் உண்டு

முதுமையில் வரும் பெருந்துன்பம் மறதி நோய். டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதல்ல இது. அடுப்பை மூட்டிவிட்டு மறப்பது, வீட்டு வழி தெரியாமல் அலைவது, பெற்ற மகளையே "நீ யாரம்மா?" என்று கேட்பது. நாடு தழுவிய ஆய்வொன்றின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அறுபது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், சுமார் 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. ஆணைவிடப் பெண்ணுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும், படித்தவரைவிடப் படிக்காதவருக்கும் அதிகம் என்றும் கண்டது.

இது தலைவிதியா? 2024-இல் லான்செட் மருத்துவ ஏட்டின் கமிஷன், சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கல்வியின்மை, காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. ஆலை இரைச்சலில் காதைப் பறிகொடுத்தவன் யார்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள் யார்? புகையை விழுங்கியவன் யார்? உழைப்பாளிதான்!

நாற்பதாயிரம் எங்கே, ஆயிரம் எங்கே?

இதற்குச் சந்தை ஒரு மருந்து வைத்திருக்கிறது. "உதவியுடன் கூடிய வாழ்வு", "நினைவாற்றல் பராமரிப்பு" என்று அழகான பெயர்கள். சென்னையில் இத்தகைய இல்லங்கள் மாதம் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கேட்பது வழக்கம். கணக்குப் போடுங்கள்: 1,000 ரூபாய் ஓய்வூதியக்காரர் நாற்பது மாதம் பட்டினி கிடந்தால் ஒரு மாதம் அங்கே தங்கலாம்! அந்த இல்லங்களே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பயிற்சி பெற்ற கைகளும், பூட்டாத கதவும், பழகிய தினசரி ஒழுங்கும் நோயாளிக்கு அவசியம். பணக்காரனின் தாய்க்கு அவசியமானது சித்தாளின் தாய்க்கு மட்டும் ஏன் ஆடம்பரமாகிறது?

தீயில் நிற்பவள் யார்?

மாங்காட்டில் காமாட்சி அம்மன் தீயின் நடுவே ஒற்றைக்காலில் தவம் செய்ததாகத் தலபுராணம் சொல்கிறது. இன்று அந்தத் தீயில் நிற்பவள் வீட்டு மருமகள். பகலில் கம்பெனி வேலை, இரவில் மாமியார் தெருவில் இறங்கிவிடாமல் காவல். 2019-இல் சர்க்காரே எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் கூலியில்லாமல் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். "கூட்டுக் குடும்பம், பண்பாடு" என்று பெருமை பேசுகிறவர்கள் பேசுவது இந்தக் கூலியில்லா உழைப்பைத்தான்.

சரி, ஆள் வைத்துக்கொள்ளலாமென்றால், ஏஜென்சி அனுப்பும் ஆயாவும் ஏழைப் பெண்தான். இரவு பகல் வேலை, அதில் ஏஜென்சிக்குக் கமிஷன் வேறு. ஒரு வீட்டின் துன்பம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் முதுகில் ஏறுகிறது.

சட்டம் செய்தது என்ன?

2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரை விரட்டும் கயவர்கள் உண்டு. அவர்கள்மீது சட்டம் பாயட்டும், நாமும் வரவேற்போம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பதினையாயிரம் சம்பளத்துக்குக் காண்டிராக்டில் இருக்கும் மகன்மீது பத்தாயிரம் கட்டு என்று உத்தரவு போட்டால் வயிறு நிறையுமா? அதே சட்டம் மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 ஆதரவற்ற முதியோருக்குக் குறையாமல் இடம் என்று பேசுகிறது. அங்கே மட்டும் வாசகம் வேறு: சர்க்கார் "அமைக்கலாம்"! பிள்ளைக்குக் கட்டாயம், சர்க்காருக்கு விருப்பம்!

2024 அக்டோபரில் எழுபது கடந்தவர்களுக்கு ஐந்து லட்சம் ரூபாய் காப்பீடு என்று முரசறைந்தார்கள். அது ஆஸ்பத்திரியில் படுப்பவருக்கு. மறதி நோயாளிக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் பக்கத்துணை. அதற்கு அந்தக் காப்பீட்டில் இடமில்லை.

பணமில்லையா?

2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொன்னது. அதற்குப் பணம் இருந்தது! 2020 மார்ச்சில் ரயிலில் முதியோர் கட்டணச் சலுகையை நிறுத்தினார்கள். கிழவியின் டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிறவர்கள் "நிதி இல்லை" என்று பேசலாமா? ஜெர்மனி 1995-இலும் ஜப்பான் 2000-இலும் முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தன. முதலாளித்துவ நாடுகளே அதைச் சமுதாயப் பொறுப்பென்று ஏற்றன.

இங்கும் முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் முதியோர் மருத்துவப் பிரிவு பிறந்தது. கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024-இல் திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் வழி மறந்த கிழவரை மாங்காட்டிலிருந்து போரூர் தாண்டிக் கிண்டிவரை தினமும் யார் அழைத்துப் போவது? மருத்துவம் மக்களிடம் வரவேண்டும்.

ஆகவே கேட்கிறோம்: நகராட்சிதோறும் வண்டி வசதியோடு ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நினைவு, காது, கண் பரிசோதனை. பயிற்சியும் மாதச் சம்பளமும் எட்டு மணி நேர வேலையும் உள்ள அரசுப் பராமரிப்பு ஊழியர்கள். தனியார் இல்லங்கள்மீது கண்டிப்பான சோதனை. மானத்தோடு சோறு தின்னப் போதுமான ஓய்வூதியம்.

இது பிச்சையல்ல, உழைத்தவர்களின் பாக்கி. அவர்கள் மறந்துவிடலாம், கடன்பட்டவர்கள் மறக்க விடக் கூடாது. வார்டுதோறும் கூடுங்கள், மனு எழுதுங்கள், நகராட்சி வாசலில் நில்லுங்கள். பாக்கியைக் கேட்டு வாங்குவோம்!