வீட்டு ரிப்பேர் கைடு: மழை பெய்தால் கரன்ட் டிரிப் ஆகிறதா? டிரிப்பரைக் கழற்றிப் போடாதீர்கள்!

"ரெண்டு நாள் மழை பெஞ்சா போதும், மெயின் போர்டுல இருக்கிற டிரிப்பர் விழுந்துடுது. தூக்கிவிட்டா அஞ்சு நிமிஷத்துல மறுபடியும் விழுது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா, 'இதைக் கழட்டிட்டு டைரக்டா கொடுத்துடுறேன், அப்புறம் தொல்லையே இருக்காது'ங்கிறார். செய்யலாமா?"

மழைக்காலம் வந்தால் பல வீடுகளில் எழும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில்: கூடாது. ஏன் கூடாது, பிரச்னை எங்கே இருக்கிறது என்று நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது... இந்த வாரம் பார்த்துவிடலாம்.

டிரிப்பர் என்ன செய்கிறது?

நாம் டிரிப்பர் என்று சொல்வதன் பெயர் ஆர்.சி.சி.பி. சிலர் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி என்பார்கள். 'T' என்று எழுதிய சின்ன பட்டன் இருந்தால் அதுதான்.

ஃபேஸ் வழியாக உள்ளே போகும் கரன்ட், அதே அளவில் நியூட்ரல் வழியாகத் திரும்பி வர வேண்டும். இதைத்தான் ஆர்.சி.சி.பி கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. போனதைவிட வந்தது குறைந்தால், நடுவில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச் சுவர் வழியாகக் கசியலாம், வாஷிங் மெஷின் பாடி வழியாகக் கசியலாம், ஒரு மனித உடல் வழியாகவும் கசியலாம். வீடுகளில் பொருத்தப்படுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் ரகம். கசிவு அந்த அளவைத் தொட்டால், ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

"எம்.சி.பி-தான் இருக்கே, அது பத்தாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாது. 16 ஆம்பியர் எம்.சி.பி, அதற்கும் மேல் கரன்ட் போனால்தான் விழும். ஒன்பது வாட்ஸ் எல்.இ.டி பல்பு எடுக்கும் கரன்டே கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர். அந்த அளவு நம் உடலில் பாய்ந்தால் தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாது, மூச்சும் திணறலாம். அதற்குக் கொஞ்சம் மேலே போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். எம்.சி.பி-க்கு இது ஒரு பல்பு எரிகிற மாதிரிதான் தெரியும். அது வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.

ஆக, டிரிப்பர் விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ கசிவு இருக்கிறது. டிரிப்பரைக் கழற்றினால் கசிவு நிற்காது, கசிவைச் சொல்வதற்கு ஆள்தான் இருக்காது. ஈரத்துணியைக் காயப்போட கொடிக்கம்பியைத் தொட்டவர்கள் ஷாக் அடித்து இறந்த செய்திகளை ஒவ்வொரு மழைக்காலத்திலும் படிக்கிறோம் அல்லவா?

நீங்களே கண்டுபிடிக்கலாம்

முதலில் ஒரு கண்டிஷன். போர்டில் ஈரம் இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, தொட்டால் சுள்ளென்று இழுத்தாலோ எதையும் தொடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால், கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தொடங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்யுங்கள். மெயினை நிறுத்தினாலும் இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் இருக்கும்.

1. எல்லா பிளக்குகளையும் உருவிவிடுங்கள். ஸ்விட்ச்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. ஸ்விட்ச் பெரும்பாலும் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வழியாகவும் கசிவு இருக்கலாம்.

2. எல்லா எம்.சி.பி-களையும் கீழே இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி-யை மட்டும் தூக்குங்கள். அப்போதே விழுந்தால், கோளாறு ஆர்.சி.சி.பி-யிலோ நியூட்ரல் வயரிலோ இருக்கலாம். இங்கேயே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

3. நின்றால், எம்.சி.பி-களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது டிரிப் ஆகிறதோ, அந்த லைனின் வயரிங், ஸ்விட்ச் பாக்ஸ், லைட், பிளக் இல்லாமல் நேரடியாக இணைத்திருக்கும் மோட்டார் ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். அந்த எம்.சி.பி-யை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்ற அறைகளுக்கு கரன்ட் எடுத்துக்கொள்ளலாம்.

4. எல்லாம் நின்றால், பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி ஆன் செய்யுங்கள். கீசர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். சூடேறிய பிறகுதான் சில கோளாறுகள் தலைகாட்டும்.

வழக்கமாக மாட்டுபவர்கள்

மழைக்காலத்தில் முதல் சந்தேகம் வெளிப்பக்கம்: கேட் லைட், மொட்டைமாடி பல்பு, வெளிச்சுவரில் இருக்கும் ஸ்விட்ச் பாக்ஸ், மோட்டாரின் வயர் இணைக்கும் பெட்டி. தண்ணீர் உள்ளே இறங்கும் வழியை அடைக்காமல் காயவைத்து மட்டும் விட்டால், அடுத்த மழைக்கு மறுபடியும் விழும். மூடி, வாஷர், மேலே ஒரு சின்ன தகரக் கூரை... இவைதான் நிரந்தரத் தீர்வு.

வீட்டுக்குள் முதல் சந்தேகம் கீசர். போர் தண்ணீரின் உப்பு படிந்து காயிலில் விரிசல் விட்டால், தண்ணீரிலேயே கரன்ட் கசியும். காயிலை மாற்றும்வரை கீசரைத் தொடவே வேண்டாம். அடுத்து, எலி கடித்த வாஷிங் மெஷின் வயர், அடியில் தண்ணீர் போன மிக்ஸி, கிரைண்டர், வயர் உரிந்த அயர்ன் பாக்ஸ்.

புதிதாக இன்வெர்ட்டர் வைத்த பிறகு டிரிப் ஆகத் தொடங்கினால், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மற்ற லைனின் நியூட்ரலும் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். இதை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மெயின் ஆர்.சி.சி.பி-யின் பாதுகாப்பு அந்த லைனுக்குக் கிடைக்காமல் போகலாம். அதற்குத் தனியாக ஒன்று போட வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எந்தப் பொருளைச் செருகினாலும் விழாமல், எல்லாம் ஓடும்போது மட்டும் விழுகிறதா? ஒவ்வொன்றிலும் இருக்கும் சின்னக் கசிவுகள் சேர்ந்து எல்லையைத் தொட்டிருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி, 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். லைன்களைப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி போடுவது இதற்கு வழி.

இதையும் செய்யுங்கள்

மாதம் ஒருமுறை, கரன்ட் இருக்கும்போது அந்த 'T' பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது சும்மா மாட்டிய பொம்மைதான், உடனே மாற்றுங்கள். பட்டன் வேலை செய்கிறது என்பதற்காக எர்த் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. எர்த்தைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மூணு பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். ஒரு கையில் ஃபேஸையும் இன்னொரு கையில் நியூட்ரலையும் தொட்டால், ஆர்.சி.சி.பி-யாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு நீங்களும் ஒரு பல்புதான்.

யாருக்காவது ஷாக் அடித்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள். அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். நிறுத்த முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டையால் விலக்கிவிட்டு 108-ஐ அழையுங்கள். தெருக்கம்பமோ, வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரோ ஷாக் அடித்தால் அது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் உண்டு.

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்த பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உங்கள் வீட்டு போர்டில் அந்த பட்டனே இல்லை என்றால், இந்த மாதச் செலவுப் பட்டியலில் முதல் வரியாக ஆர்.சி.சி.பி-யை எழுதிவிடுங்கள்.