வெள்ளைக்காரன் எழுதியது மார்க்கமா?



"கருக்கலைப்புச் சட்டத்தில் கை வைக்காதே, அது மார்க்கம்" என்கிறோம். அது 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி. மீறினால் 3 வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை. வன்புணர்வுக்கு ஆளான பிள்ளைக்கும் விலக்கில்லை. பிறந்தாலும் பிழைக்காத சிசுவைச் சுமப்பவளுக்கும் விலக்கில்லை.

எங்கள் இமாம்களோ ரூஹ் ஊதப்படும் 120 நாளுக்கு முன், பின் என்று பிரித்துப் பார்த்தார்கள், கருத்தும் வேறுபட்டார்கள். சிசுவின் கடும் ஊனத்தை மருத்துவக் குழு உறுதிசெய்தால், பெற்றோர் கேட்டால், 120 நாளுக்குள் கலைக்கலாம் என்று 1990இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹ் சபை சொன்னது.

2017இல் அமைச்சரவை வரை போன திருத்தமும் இப்படிப்பட்ட நிலைமைகளுக்குத்தான்: வன்புணர்வு, சிசுவின் கடும் குறைபாடு. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், கிடப்பில் போனது. நாங்களும் வாய் மூடி இருந்தோம்.

நட்டம் யாருக்கு? காசுள்ளவள் சென்னைக்கு டிக்கட் போடலாம். இந்தியாவில் 2021 திருத்தத்தின்படி வன்புணர்வுக்கு ஆளானவளுக்கு 24 வாரம் வரை வழியுண்டு. லயத்துப் பெண்ணுக்குக் கள்ளத்தனமாய் வாங்கும் மாத்திரையும், இரத்தம் போகப் போகப் பதுளைக்குப் பஸ்ஸும்தான். பொலிஸுக்குப் பயந்து டொக்டரிடமும் உண்மை சொல்லமாட்டாள்.

ஸினாவுக்குக் கதவு திறக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டு நிலைமைகளுக்காவது, கால எல்லையோடு, சட்டம் வழிவிட வேண்டும். உலமாக்களே, ஒரு ஜும்ஆவிலாவது அந்த 120 நாளைப் பேசுங்கள். பேசாமல் இருந்ததற்கு நாங்களும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.